வேலை இருக்கு, ஆனா பத்தலை: குறைவேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பலகையில் ஜெராக்ஸ் என்று எழுதியிருந்தாலும் கடை ஓடுவது பயோடேட்டா அடித்துக் கொடுப்பதில்தான். மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா என்று சுற்றுவட்டாரத் தமிழ்ப் பிள்ளைகள் வருவார்கள். "இப்ப என்ன வேலைல இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு கீபோர்டில் கைவைத்துக் காத்திருப்பேன். சட்டென்று பதில் வராது. "வேலை இருக்கு அண்ணா, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் வரும் கேள்விகள் வருடக்கணக்கில் ஒரே மாதிரிதான். ஒருமுறை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

அண்ணா, நான் தினமும் வேலைக்குப் போறேன். அப்புறம் எப்படி எனக்கு வேலை பத்தலைன்னு சொல்றீங்க?

வேலையே இல்லாமல் இருப்பது ஒன்று. இருக்கிற வேலை போதாமல் இருப்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் குறைவேலை என்கிறேன். உங்களிடம் நேரம் இருக்கிறது, தொழில் தெரிகிறது, படிப்பு இருக்கிறது. அதில் ஒரு பங்குக்குத்தான் ஆள் கேட்கிறார்கள் என்றால் நீங்கள் அந்தக் கணக்கில் வருவீர்கள்.

இதில் இரண்டு வகை. இன்னும் பார்க்கத் தயாராக இருந்தும் போதிய மணி நேரம் வேலை கிடைக்காதது முதல் வகை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கூப்பிடப்படும் பெயின்டர் அப்படி. நாள் முழுக்க வேலை இருந்தும் தெரிந்த தொழிலுக்கோ படித்த படிப்புக்கோ அதில் இடமில்லாதது இரண்டாம் வகை. டிப்ளமோ முடித்துவிட்டு அபார்ட்மென்ட் கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிறவர் அப்படி. மூன்றாவதாகச் சம்பளக் குறைவையும் எல்லோரும் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்திருக்கிறேன், காரணம் கீழே வரும்.

ஸ்கூல்ல 'மறைமுக வேலையின்மை'ன்னு படிச்சோமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

உறவுதான், ஆனால் ஒன்றில்லை. பாடப்புத்தக உதாரணம் நினைவிருக்கும்: மூன்று பேர் செய்யும் வயல் வேலையை ஐந்து பேர் செய்வார்கள், இரண்டு பேரை எடுத்துவிட்டாலும் விளைச்சல் குறையாது. அந்த இரண்டு பேருக்கே தாங்கள் உபரி என்பது தெரியாது. குறைவேலைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1936-இல் 'மறைமுக வேலையின்மை' என்ற சொல்லை முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜோன் ராபின்சன் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் வயலைப் பற்றிப் பேசவில்லை. நல்ல வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக லண்டன் தெருவில் தீப்பெட்டி விற்பதைத்தான் அவர் உதாரணமாகச் சொன்னார். அதாவது இன்றைக்கு நம் கடைக்கு வருகிறவர்களின் கதை. வயலும் உபரிக் கைகளும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

வாரத்துல ரெண்டு நாள்தான் பெயின்டிங் வேலை கிடைக்குது. அரசாங்கக் கணக்குல நான் வேலை இல்லாதவனா?

இல்லை. நீங்கள் வேலையில் இருப்பவர். நாடு முழுக்க வேலை நிலவரத்தை அளக்க 2017-இல் தொடங்கிய சர்வே ஒன்று இருக்கிறது, சுருக்கமாக பிஎல்எஃப்எஸ். அதன் வாரக் கணக்குப்படி, கடந்த 7 நாளில் ஏதோ ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும், நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள். வருடக் கணக்கு இன்னும் தாராளம்: வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மா இருந்தாலும், துணை வேலையாக 30 நாள் பார்த்திருந்தால் உழைப்பாளி வரிசையில் சேர்த்துவிடுவார்கள்.

சர்வேக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று உடனே சொல்ல வேண்டாம். ஒரு மணி நேரம் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட விதி. ஆனால் அந்த விதி நம்மைப்போல ஒழுங்கற்ற வேலை நிறைந்த ஊருக்குச் சரிப்படாது என்பது இங்கே பழைய பேச்சு. வேலையின்மைக் கணக்கை ஆராய அரசு அமைத்த தாந்த்வாலா குழு 1970-இல் சொன்ன பிறகுதான் நாள் கணக்கு என்ற முறை வந்தது. ஒரு நாளில் 4 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை என்றால் முழு நாள், 1 முதல் 4 வரை என்றால் அரை நாள். உங்கள் வாரத்தை இப்படி வைத்தால் 2 நாள் வேலை, வேலை தேடிய மிச்ச நாட்கள் வேலையின்மை என்று பிரிந்து தெரியும். வாரக் கணக்கில் மறைந்துபோகிற பெயின்டர் நாள் கணக்கில் பாதியாவது வெளியே வருகிறார்.

உங்கள் வீட்டுக்கு சர்வேக்காரர் வந்தால் ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். "இன்னும் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கத் தயார்?" என்று ஒரு கேள்வி அந்தப் படிவத்தில் உண்டு. நம் ஆட்கள் கூச்சப்பட்டு "போதும் சார்" என்றுவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையில் குறைவேலை கணக்கைவிட்டே போய்விடும்.

எத்தனை மணி நேரத்துக்குக் கீழ இருந்தா குறைவேலை?

உலகம் முழுமைக்கும் ஒரே எண் கிடையாது. தொழிலாளர் புள்ளிவிவரக்காரர்களின் சர்வதேச மாநாடு 1998-இல் மூன்று நிபந்தனை வைத்தது: இன்னும் பார்க்க விருப்பம் இருக்க வேண்டும், கூப்பிட்டால் போகக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், பார்த்த நேரம் ஒரு எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். எல்லையை அந்தந்த நாடே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 35 மணி நேரத்துக்குக் கீழே போனால் பகுதிநேரம். என்னைக் கேட்டால் மூன்றில் கனமானது முதல் நிபந்தனைதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் 12 மணி நேரம் நிக்கிறேன் சார், செக்யூரிட்டி. சம்பளந்தான் பத்தலை. அப்ப நானும் குறைவேலைதானே?

நேரக் கணக்கில் இல்லை. உங்களுக்கு இருப்பது அதிக வேலை, குறைந்த கூலி. அதற்கும் குறைவேலை என்றே பெயர் வைத்துவிட்டால் மருந்து மாறிவிடும். நேரம் குறைந்தவருக்கு இன்னொரு வேலை வேண்டும். உங்களுக்கு இன்னொரு வேலை கொடுத்தால் ஆஸ்பத்திரியில்தான் படுப்பீர்கள். மேலே சொன்ன 1998 மாநாடும் இதைப் பிரித்தே வைத்தது: நேரக் குறைவு ஒரு பக்கம், திறன் வீணாவது, வருமானம் போதாதது, அளவுக்கு மீறி உழைப்பது எல்லாம் 'போதாத வேலை நிலைமை' என்று மறுபக்கம்.

1961-ஆம் வருட கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் சொல்வது ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் பார்த்தால் இரட்டைக் கூலி. உங்கள் சம்பளச் சீட்டில் 'ஓடி' (ஓவர்டைம்) என்று ஒரு கட்டம் இருக்கிறதா, அதில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால் கேட்க வேண்டியது அதைத்தான். நீங்கள் டிப்ளமோ படித்தவர் என்றால் திறன் கணக்கில் வருவீர்கள், அது அடுத்த கேள்வி.

எம்.எஸ்சி முடிச்சுட்டு டெலிவரி ஓட்டுறேன். தகுதிக்குக் கம்மியான வேலைன்னு யார் முடிவு பண்றது?

முடிவு செய்ய ஒரு பட்டியல் இருக்கிறது. 2015-இல் வந்த தேசியத் தொழில் வகைப்பாடு எல்லா வேலைகளையும் நாலு திறன் படிகளில் வைக்கிறது. ஆரம்பக் கல்வி போதுமான வேலை முதல் படி, பள்ளிப்படிப்பு இரண்டாம் படி, பட்டம் மூன்றாம் படி, மேல்பட்டம் நாலாம் படி. பட்டம் வாங்கியவர் முதலிரண்டு படிகளில் வேலை பார்த்தால் திறன் வழியில் குறைவேலை. 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை இந்தப் படிகளை வைத்துப் பார்த்தபோது பட்டதாரிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பதாகத் தெரிந்தது.

இந்தப் பட்டியலில் எனக்கு ஒரு குறை உண்டு. அது காகிதத்தை அளக்கிறது, கையை அளக்கவில்லை. பத்தாவது ஃபெயிலாகி 15 வருடம் பீன்யா தொழிற்பேட்டையில் டூல் ரூமில் நின்றவர் இன்று கொரியர் மூட்டை தூக்கினால், பட்டியலின்படி அவர் சரியான படியில்தான் இருக்கிறார். எனக்கு அவர்தான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறார்.

டிகிரியைப் பயோடேட்டால இருந்து எடுத்துடட்டுமா அண்ணா? ஓவர் குவாலிஃபைடுன்னு திருப்பி அனுப்புறாங்க.

இந்தக் கடையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பயோடேட்டா என்றால் சேர்ப்பதுதான் என்று நினைத்துத் தொழிலுக்கு வந்தவன், இப்போது நீக்கிக் கொடுத்தும் காசு வாங்குகிறேன்.

எம்.காம் முடித்த பெண் ஒருவர் சூப்பர் மார்க்கெட் பில்லிங் கவுன்டருக்காக வந்தார். "பிளஸ் டூவோட நிறுத்திடுங்க அண்ணா" என்றார். நிறுத்தினேன். உடனே தாளில் ஐந்து வருடம் ஓட்டை விழுந்தது. பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம் என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்பார்களே? "வீட்டில் இருந்தேன்" என்று அவரே சொல்லி அடிக்கச் சொன்னார். பாஸ் பண்ணின பத்து செமஸ்டர் அந்த இரண்டு வார்த்தையில் போய்விட்டது. வேலை கிடைத்தது. ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போட மறுபடி வந்தார். இப்போது எம்.காம் திரும்ப வந்தது, ஆனால் பில்லிங் கவுன்டர் வேலையை எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் வைத்தோம், தேதியோடு, மறைக்காமல். ஆடிட்டர் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். ஜிஎஸ்டி பில் போட்டுப் பழகினவர் என்று சந்தோஷப்பட்டாராம்.

சட்டப்படி பார்த்தால்: நீங்களாக எழுதும் தாளில் எதைச் சொல்வது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் கையெழுத்துப் போடும் விண்ணப்பத்தில் 'அதிகபட்சக் கல்வித் தகுதி' என்று கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். அரசு வங்கி ஒன்றின் பியூன் வேலைக்கு, பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விளம்பரத்திலேயே இருந்தும், பட்டத்தை மறைத்துச் சேர்ந்தவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மறைத்தவர் வேலையைக் கோர முடியாது என்று 2020 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தனியாரில் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஆனால் வெளியே அனுப்ப ஒரு காரணம் அவர்கள் கையில் இருக்கும்.

கோலார் தங்கவயல்லேர்ந்து தினமும் ரயில்ல வர்றேன். போக வர அஞ்சு மணி நேரம். அதுக்குக் கணக்கு கிடையாதா?

புள்ளிவிவரத்தில் கிடையாது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் நேரம் உழைப்பு நேரம் இல்லை என்றுதான் விதி. உங்கள் சொந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய், 26 நாள், 8 மணி நேரம் என்றால் மணிக்கு 86 ரூபாய் சொச்சம். பயணத்தையும் சேர்த்து 13 மணி நேரம் என்றால் 53. உள்ளூரில் மணிக்கு 60 ரூபாய்க்கு வேலை கிடைத்தால் எது பெரிது என்று அப்போது தெரியும். ஆனால் உள்ளூரில் அந்த 60 எங்கே இருக்கிறது என்பீர்கள், அதுவும் சரிதான்.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. வெடி வைப்பவர், வைண்டிங் இன்ஜின் ஓட்டுபவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பரீட்சை, தனிச் சான்றிதழ். அந்தத் திறனுக்கு வெளியே சந்தை கிடையாது. ஒருவர் தன் வைண்டிங் இன்ஜின் சான்றிதழை லேமினேட் செய்ய என்னிடம் கொண்டுவந்தார். மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகியிருந்தது. அப்போது அவர் ஏடிஎம் வாசலில் காவலுக்கு இருந்தார். ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றிய கை. "பேரனுக்குக் காட்டணும்" என்று மட்டும் சொன்னார். துண்டுகளைச் சேர்த்து வைத்து இரண்டு முறை மெஷினில் விட்டேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டேன். இப்ப சாயங்காலம் ரெண்டு மணி நேரம் டியூஷன். எனக்கு அது போதும். நானும் உங்க லிஸ்ட்ல இருக்கேனா?

விருப்பம்தான் கனமான நிபந்தனை என்று மேலே சொன்னேனே, அது இங்கே வேலை செய்கிறது. போதும் என்றால் போதும். நீங்கள் பகுதிநேரம் பார்ப்பவர், அவ்வளவுதான்.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், காலையில் ஸ்கூலுக்கே போய்ப் பாடம் எடுப்பீர்களா? "ஆமா, ஆனா ஆள் ஏது" என்று பதில் வந்தால், அது 'போதும்' இல்லை, 'வழியில்லை'. புள்ளிவிவரத்துக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், கூப்பிட்டால் போக முடியாதவர் என்று விட்டுவிடுவார்கள். நீங்களும் அப்படி விட்டுவிட வேண்டாம்.

பெஞ்ச்ல இருக்கேன் அங்கிள். மூணு மாசமா சம்பளம் வருது, வேலை வரலை. இதெல்லாம் ஒரு கஷ்டமான்னு ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க.

சிரிக்கட்டும். ஐடி கம்பெனியில் புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பதைத்தான் பெஞ்ச் என்பார்கள். எந்தக் கணக்கிலும் நீங்கள் வேலையில் இருப்பவர்தான். ஆனால் பயோடேட்டாவில் அந்த மூன்று மாதத்துக்கு நான் என்ன அடிப்பது? பிரச்சினை அங்கேதான் வரும். ஏதாவது உள்வேலை, டெஸ்டிங், புதிதாக ஒரு டூல் என்று இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஏசி ஆபீசில் கைத்திறன் துருப்பிடிக்கும் வேகம் அதிகம்.

ஆப்ல பத்து மணி நேரம் லாகின்ல இருக்கேன். ஆர்டர் ஓடுறது அஞ்சு மணி நேரம். நான் பத்து மணி நேரக்காரனா, அஞ்சு மணி நேரக்காரனா?

தந்திரமான கேள்வி. நேரக் கணக்கை வரையறுத்த, அதே புள்ளிவிவரக்காரர்களின் 2008 மாநாட்டுப்படி, வேலை வருமென்று வேலையிடத்தில் காத்திருப்பதும் உழைப்பு நேரம்தான். கடைக்காரன் வாடிக்கையாளர் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைச் சேர்ப்பதுபோல. அப்படிப் பார்த்தால் நீங்கள் பத்து மணி நேரக்காரர். உங்களுக்கும் செக்யூரிட்டிக்குச் சொன்ன பதில்தான். ஆனால் ஆப் உங்களுக்குக் காசு கொடுப்பது ஆர்டருக்கு. அதன் பார்வையில் நீங்கள் ஐந்து மணி நேரக்காரர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரம் யாருடையது என்பதுதான் இந்தத் தொழிலின் முழுச் சண்டையும்.

கர்நாடகம் 2025-இல் கிக் தொழிலாளர்களுக்கென்று ஒரு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்கு ஆப் நிறுவனம் கட்ட வேண்டும். உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி அதில் வராது.

யுவநிதி வாங்கிட்டு இருக்கேன். பார்ட் டைம் ஒண்ணு கிடைச்சிருக்கு. சொல்லணுமா?

சொல்ல வேண்டும். பட்டதாரிக்கு 3,000, டிப்ளமோவுக்கு 1,500 என்று கர்நாடக அரசு அதிகபட்சம் 2 வருடம் தருவது வேலை இல்லாதவர்களுக்கு. வேலை இல்லை என்று நீங்களே உறுதிமொழி கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள். குறைவேலைக்காரருக்கு அதில் இடமில்லை, இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓசூர் தாண்டித் தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் கேட்கவே வேண்டாம். கர்நாடகத்தில் குறைந்தது ஆறு வருடம் படித்திருக்க வேண்டும்.

இந்த வேலையை விட்டுட்டு முழு மூச்சா தேடட்டுமா?

கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் விடாதீர்கள். பெங்களூரு வாடகைக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாறும்போது பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணில் தொடருங்கள். பென்ஷனுக்கு மொத்தம் 10 வருடச் சேவை வேண்டும், நாலைந்து இடம் மாறினாலும் கூட்டிக்கொள்ளலாம். ரிலீவிங் லெட்டர் வாங்காமல் வெளியே வராதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் கன்சல்டன்சி எதுவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

குறைவேலைக்கென்று ஒரு தனி ஆலோசனை: வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் அசல் தொழிலைத் தொடுங்கள். வெல்டர் என்றால் தெரிந்தவர் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை. பயோடேட்டாவில் அந்த ஒரு வரியை அடிக்க என் கைக்கு அது உதவும், உங்கள் கைக்கும் உதவும்.

'ஏதோ ஒரு வேலை இருக்கே, அதுக்கென்ன'ன்னு அப்பா கேக்குறாரு. என்ன சொல்றது?

அப்பாவிடம் வாதாடாதீர்கள். வேலையே இல்லாத காலத்தைப் பார்த்தவர், அவர் பயம் வேறு. சம்பளத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, தேடுவதைத் தேடிக்கொண்டிருங்கள்.

தப்பா நினைக்காதீங்க அண்ணா, நீங்களே குறைவேலைதானே?

போன மாதம் ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரு பட்டறையில் குவாலிட்டி செக்ஷனில் இருந்தேன், அதை மூடியதும் இந்தக் கடை. நேரக் கணக்கில் எனக்குக் குறையில்லை, காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை. மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை ஈ ஓட்டுவதும் உழைப்பு நேரம்தான் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். படிப்பின்படி பார்த்தால், ஆமாம் தம்பி, நானும் உள்ளே.

மேஜை டிராயரைத் திறந்து அவனிடம் என் வெர்னியர் காலிப்பரைக் காட்டினேன். ஸ்பைரல் பைண்டிங்குக்குத் தாள் கட்டின் தடிமன் பார்க்க இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். மற்ற கடைகளில் கண்ணால் பார்த்துச் சுருளைப் போடுவார்கள். அவன் கொண்டுவந்த புராஜெக்ட்டை வைத்து அளந்தேன். 11.4 மில்லிமீட்டர். பதினாலு நம்பர் சுருள் எடுத்தேன்.